சாப்பாட்டுக்கு முன்பு

14 ஜூலை 2025, திங்கள்

இன்று ஒரு தவறு தெரிய வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் கணவருக்கு நெஞ்செரிச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டுமாம். பொங்கலிலிருந்து என் பேச்சைக் கேட்டுத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தட்டச்சு வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ராக்கன் பைக்கோடு நின்றிருந்தான். அங்கே என் கணவரோடு வேலை செய்பவன். விடுப்பு முடிந்து சனிக்கிழமை விமானம் ஏறுகிறான்.

"மதினி, போன தடவயும் பெட்டியில பாதி ஒங்க மாத்தரதான். அண்ணன் அங்க சோறு திங்கிறாரா, இதத்தான் திங்கிறாரா?"

சிரித்துவிட்டு, அவனிடம் கொடுத்தனுப்ப மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடையிலிருக்கும் ஷீபா எப்போது போடுகிறார் என்று கேட்டு, தப்பைச் சொன்னாள். அட்டைகளை எடுத்துத் தரவில்லை.

"டாக்டர்ட்ட காட்டாம மாசக்கணக்கா போடக் கூடாதுக்கா. உள்ள வேற எதுவும் இருந்தா இது மறச்சுரும். வலி மாத்தர போடுறாரா, மோஷன் கருப்பாப் போகுதான்னு கேளுங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா அப்புடிப் போகும்."

இலுப்பூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். உடனே போன் செய்யவில்லை. போன வாரம் அவர் சொல்லியிருந்தார்: "எரிச்சல் நிக்கலன்னா வேலய விட்டுட்டு வந்துர்றேன், மேகலை." அதை நம்பி மாடியறையைக் கூட்டினேன். அவருடைய சட்டைகளை வெயிலில் காயப்போட்டேன். மாத்திரையைச் சரியாகப் போட்டால் எரிச்சல் நின்றுவிடும். நின்றால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பார். இப்படி நினைத்ததை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பிறகு கூப்பிட்டேன்.

"வலி மாத்தர எதுவும் போடுறீங்களா?"

"முதுகுக்குத் தெனமும்தான். இங்க போடாதவன் யாரு?"

கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"ரெண்டு நாளா. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"போனா, ஒடம்பு ஆகாதுன்னு ஊருக்கு ஏத்தி விட்ருவாய்ங்கடி."

"விடட்டும்."

பயத்தில் சொன்னேனா, ஆசையில் சொன்னேனா தெரியவில்லை. அறையில் இருப்பவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்ஸிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நாளை: டாக்டர் என்ன சொன்னார் என்று முழுவதும் கேட்க வேண்டும். எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது.