உபயம்: இருளாயி

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, வாடிப்பட்டிக்குத் தெற்கே உள்ள தனியார் கல்லூரியில், ராவ்பகதூர் நல்லமுத்து அரங்கத்தின் நாற்பத்தாறு டியூப்லைட்டுகளிலும் உபயம் செய்தவரின் பெயர் மாறியிருந்தது. அன்று சந்தையில் தேங்காய் முப்பத்தெட்டு ரூபாய்.

நல்லமுத்து பஞ்ச காலத்தில் ஆள் பிடித்து இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பியவர். போனவர்கள் திரும்பவில்லை. கொள்ளுப்பேரன் சிவக்குமார் கல்லூரித் தாளாளர்; பாட்டன் பெயரில் அரங்கம் கட்டி, டியூப்லைட், பெஞ்சு, மின்விசிறி, குடிநீர்த் தொட்டி எல்லாவற்றிலும் 'உபயம்: நல்லமுத்து குடும்பத்தார்' என்று வெளிச்சம் மறைய எழுதிவைத்தவர். நூலக உதவியாளர் பாண்டீஸ்வரி, பழைய தகரப் பெட்டியில் நல்லமுத்து கைப்பட எழுதிய ஆள் பட்டியலைக் கண்டெடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அதில் ஒன்று: 'இருளாயி. பிள்ளை வழியில் விடப்பட்டது.' அந்தப் பிள்ளையின் வம்சம்தான் பாண்டீஸ்வரி. அரங்கத்தின் பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தாள்.

"பஞ்சத்துல செத்திருக்க வேண்டிய ஆளுகம்மா. கப்பலேத்திச் சோறு போட்டாரு எங்க பாட்டன். நியாயத்துக்கு நீங்க செலை வைக்கணும்" என்றார் சிவக்குமார். நிர்வாகக் கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டீஸ்வரியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

"அப்ப உபயம் செஞ்சவுக எல்லார் பேரையும் போடுங்க சார்" என்று சொல்லி, பட்டியலை மேசையில் வைத்துவிட்டு அவள் போன மறுநாள்தான் அந்தச் செவ்வாய். பெயிண்டர் மொக்கைச்சாமி மூன்று முறை அழித்து எழுதினார். "அண்ணே, நான் எழுதுறது ஒங்க பாட்டன் பேருதேன். காயுறப்ப வேற பேரால்ல காயுது" என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெஞ்சுகள் முடிந்ததும் பட்டியலில் இருந்த பெயர்கள் தாளாளரின் வீட்டுக்கு வந்தன. கார்க் கண்ணாடியில் மாடத்தி. வெள்ளித் தட்டுகளில் கருத்தான், சடைச்சி. மகளின் கல்யாணப் பத்திரிகை ஆயிரமும் அச்சாகி வந்தபோது, பெண்ணைப் பெற்றவர் இடத்தில் 'பேச்சி, வயது ஒன்பது' என்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். புரட்டாசியில் பெயர்கள் அவர் முதுகில் ஏறின. தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார், எழுத்து பளபளத்தது.

ஐப்பசியில் சிவக்குமார் சோழவந்தானுக்குப் போனார். பாண்டீஸ்வரி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலையத் திருப்பித் தந்துர்றேன். பேர்க்கல்லையும் பேத்துர்றேன். இத நிறுத்தச் சொல்லும்மா."

"எம்புட்டு வந்திருக்கு சார்?"

"எரநூத்தி எழுவது."

"இன்னும் நாப்பத்திரெண்டு இருக்கே" என்றாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

வேலையை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள். அரங்கத்தின் பெயர்க்கல்லைப் பெயர்த்தார்கள், பெயர்கள் வருவது நிற்கவில்லை. கடைசிப் பெயர் தை மாதம் அவர் நெற்றியில் வந்தது. விபூதி பூசினால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கல்லூரியில் யாரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. வருகைப் பதிவேடு தாளாளர் அறையில் இருக்கிறது. தினமும் காலையில் பாண்டீஸ்வரி வந்து, அவர் நெற்றியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு, கையெழுத்துப் போடுகிறாள்.