ஐந்தாம் வார்த்தையும் மூன்றாம் பெட்டியும்

சித்தூரில் செல்போன் டவர் எட்டாத ஒரு சந்தில் குடியிருந்த இயேசுதாசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரசங்கிப்பார்கள் இல்லையா, அதில் தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தை தனக்கு வரவேண்டும். பல வருஷம் கெஞ்சியதில் இந்த வருஷம் கிடைத்தேவிட்டது. போதகர் ஒரு நிபந்தனை போட்டார்: லெந்து என்னும் தவக்காலம் முடியும்வரை கவுச்சி தொடக்கூடாது. சபைக்கு முன்னால் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார் இயேசுதாசன். கேட்பானேன், அந்த வாரமே நாக்கு நமநமவென்று அரிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் திருப்பதிக்குப் போய் மெஷ் வைஃபை வாங்கி வந்தார். மூன்று வெள்ளைப் பெட்டிகள், ஒரே பாஸ்வேர்டு. ஒரு பெட்டியில் சேர்ந்த போன் மற்ற இரண்டிலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஒன்றை ஹாலில் வைத்தார், ஒன்றைப் படுக்கையறையில். மூன்றாவதை அடுத்த வீட்டுக் கன்னையாவின் சமையல்கட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"அவரு வூட்டுக்கு எதுக்குங்க நம்ம நெட்டு?" என்றாள் மனைவி லீனா.

"பக்கத்து வூட்டுக்காரன நேசிக்கணும்னு கோயில்ல கேட்டுகினு தானே வரோம்."

நேசம் நாட்டுக்கோழி மேல். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சிக்னல் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவார். கன்னையாவின் மனைவி ரத்னம்மா ராகிக் களியான சங்கடியும் கோழிக் குழம்பும் வைப்பாள். மூக்கு முட்டத் தின்றுவிட்டு, வாசனை போகச் சோம்பு மென்றுகொண்டே வீடு திரும்புவார்.

ஆனாலும் உள்ளூரப் பயம். இந்தப் பெட்டிகள் ஒட்டுக்கேட்கும், கேட்டதை எங்கேயோ அனுப்பும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதனால் கன்னையா வீட்டுப் பெட்டியின் தலையில் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கோழி என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்.

"வெண்டக்கா லெக் பீசு இன்னொண்ணு போடும்மா" என்று கிசுகிசுப்பார்.

பெட்டிகளை நடத்தும் ஆப்பைத் தன் போனில் ஏற்றவும் இல்லை. "என் ரகசியமெல்லாம் சீமைக்குப் போயிடும், உன் போன்ல போட்டுக்கோ" என்று லீனாவிடம் கொடுத்துவிட்டார். மகா புத்திசாலி. எந்தப் போன் எந்தப் பெட்டியோடு எப்போது சேர்ந்தது என்று அந்த ஆப் அவளிடம் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

பைக்கோ மோட்டாரோ, லீனாவின் வீட்டுக்கு எது வந்தாலும் போதகர் வந்து பிரதிஷ்டை ஜெபம் பண்ணியாக வேண்டும். லெந்தில் அவருக்கு ஓயாத வீட்டுக்கூட்டங்கள். குருத்தோலை ஞாயிறு கழிந்துதான் வந்தார். வாசப்படி தாண்டியதுமே அவருடைய ஜிப்பாப் பைக்குள் டிங் டிங்கென்று மெசேஜ்கள் வந்து விழுந்தன.

இயேசுதாசன் திகைத்தார். டவர் இல்லாத சந்து. போதகருக்கு அவர் பாஸ்வேர்டு கொடுத்ததே இல்லை.

லீனா தன் போனைப் பார்த்தாள். "நம்ம வூட்டுக்கு இப்பதான் வரீங்க, ஐயா. ஆனா உங்க போனு வாராவாரம் வியாழக்கெழம மதியானம் கன்னையா வூட்டு சமயக்கட்டுல சேருது." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஞாயித்துக்கெழம."

போதகருக்கு வியர்த்தது. "ஊழிய விஷயமா போனேம்மா. ஒரு வாய் வெண்டக்கா சாப்ட்டேன், அவ்ளோதான்."

"வெண்டக்காவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார் இயேசுதாசன்.

லீனா சத்தம் போடவில்லை. "லெந்து காத்துகினு கீறது நான் ஒருத்திதான். அஞ்சாம் வார்த்தைய நான் பேசறேன்."

இத்தனை வருஷ ஆசை. இயேசுதாசனுக்கு அழுகையே வந்துவிட்டது. போதகரைப் பார்த்தார். போதகர் பெட்டியைப் பார்த்தார், பிறகு சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"மறைவில் நடப்பதையெல்லாம் அறிந்த ஆண்டவரே, ஐந்தாம் வார்த்தையை எங்கள் சகோதரி லீனாவுக்குக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம்."

ஆண்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஆமென் என்றார்கள்.