நாலு பேருக்கு அளந்த இடம்

"முழங்கால் ரெண்டையும் சேர்த்து வைச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பீர், பிள்ளை?"

எங்கள் வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்த முதல் கிழமையில் கமலாசனி மிஸ் என்னிடம் இப்படிக் கேட்டார். புதிய ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் வராது. அம்மாதான் குசினியில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கு நீங்க கவலப்படாதீங்க மிஸ். அவ வருஷக்கணக்கா அப்படித்தான் உக்காந்திருக்கா."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபத்தேழு கலவரத்தில், தமிழர் வீடு என்று, நாங்கள் இருந்த பழைய வீட்டைக் கொளுத்தினார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்றார். அடுத்த படிப்புத் தவணையில் பார்க்கலாம் என்றார். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாதைக்கு மேலே, மலையை வெட்டி எடுத்த இடத்தில் இந்த வீட்டைப் பிடித்தார். பாதைப் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது, படி இறங்கக் கூடாது என்பது எனக்குச் சட்டம். மூத்தவள் இராசமணி கல்யாணம் கட்டிக் கம்பளைக்குப் போன பிறகு அந்தச் சட்டம் எனக்கு மட்டும் என்றாகிவிட்டது.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஓர் அலுவலகத்தில் பெண்களை அளக்கும் வேலை. புதிதாகத் திறந்த தையல் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துச் செய்த கதிரைகளைப் போட்டிருந்தார்களாம். அதில் உட்கார்ந்தால் இங்குள்ள பெண்களுக்குப் பாதம் தரையில் படாது. பின்னேரம் ஆனால் கால் வீங்கிவிடும். அதனால் இங்குள்ள உடம்புகளை அளந்து இங்கே பொருந்துகிற கதிரை செய்ய வேண்டும். தெல்தெனியப் பக்கம் சிங்களப் பெண்கள், திகனயில் முஸ்லிம் பெண்கள், தேயிலைத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் என்று மிஸ் பஸ் ஏறிப் போய் அளந்துவிட்டு வருவார்.

அளக்கிற கை தவறக் கூடாது. அதற்காக ஒரே உடம்பைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பது அந்த வேலையில் ஒரு முறை. நேற்று வந்த எண் இன்றும் வர வேண்டும். மிஸ்ஸுக்கு அந்த உடம்பு நான்.

பின்னேரங்களில் என்னை ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார வைப்பார். முதுகு நேராக இருக்க வேண்டும். முழங்கால்கள் ஒட்டியிருக்க வேண்டும். நான் மறந்து காலை அகட்டினால், ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையால் இரண்டு முழங்காலையும் சேர்த்து அழுத்திவிடுவார். பிறகு மூச்சை விடச் சொல்வார். மூச்சு வெளியே போய் முடிந்த இடத்தில்தான் அளவு. பெரிய மர அளவுகோலின் இரண்டு கைகளும் என் தோள்களை இருபுறமும் தொடும்போது சில்லென்று இருக்கும். முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகு பின்னேரம் ஆவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அளப்பார். அதனால் அவை எனக்கு மனப்பாடம்.

அப்பா முத்துலிங்கம் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் பலகைக் கணக்கு எழுதுபவர். அளவு என்றால் அவருக்கும் ஆசை. சிங்களப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டார். தோட்டத்துப் பெண்கள் கொஞ்சம் சின்ன உடம்பு, மற்றபடி ஒரு வீட்டுச் சகோதரிகளுக்குள்ளேயே அதைவிடக் கூட வித்தியாசம் இருக்கும் என்றார் மிஸ்.

"அப்ப ஒக்காந்திருக்கிறது சிங்களத்தியா தமிழச்சியான்னு கதிர கேக்காதுங்கிறீங்க."

"கதிரை கேக்காது ஐயா. கதிரை செய்யிற ஆக்கள்தான் கேக்கினம். முதல் கேள்வியே அதுதான்."

அப்பா சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு யோசனை விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மலைக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதன் ஒரு முனையைப் பெரிய பாறை அடைத்திருக்கிறது. மேலே தாழ்வாகத் தகரம் போட்டு விறகு அடுக்கியிருந்தோம். எண்பத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில், மறுபடி கலவரம் வரும் என்று ஊரில் கதைகள் பலவிதமாக அடிபட்டன. அப்பா விறகை அப்புறப்படுத்தினார். பாறையிலிருந்து வீட்டு மூலை வரை எத்தனை பேர் ஒளிந்து உட்காரலாம் என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

மிஸ் தன்னையும் சேர்த்து எங்கள் நாலு பேரையும் அளந்தார். அப்பாவுக்கு அம்மாவைக் கொண்டு நாடாவைப் பிடிக்க வைத்து, தான் எண்ணை மட்டும் பார்த்தார். சந்தின் அகலம், முதுகைச் சுவரில் சாய்த்தால் முழங்கால் எதிரே மலை மண்ணில் முட்டுகிற அளவுக்கு இருந்தது. தகரம் தலையை உரசும். ஆளுக்கு ஆள் மடியில் ஏறவும் வழியில்லை. தோளோடு தோளாக நாலு பேர், மிச்சம் மூன்று விரல்.

"என்ர தோள் இல்லாட்டி இன்னும் வசதி" என்றார் மிஸ். அவருக்கு அகலமான தோள். தன்னுடைய அட்டவணைக்கே தான் அடங்காத ஆள் என்று சொல்லிச் சிரிப்பார்.

சந்தின் திறந்த முனையை அடைக்க அப்பா ஒரு பலகையின் வெளிப்பக்கம் பிளந்த விறகுகளை ஆணி அடித்து நிறுத்தினார். தூரத்தில் நின்று பார்த்தால் விறகு அட்டிதான். உட்பக்கம் ஒரு கொக்கி. கடைசியில் உள்ளே போகிறவர் பலகையை இழுத்துக் கொக்கியைப் போட வேண்டும். பலகையை இன்னும் ஓரடி வெளியே தள்ளினால் பாதையிலிருந்து தெரியும். அதனால் அளவு அளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தோம். பாறைப் பக்கம் அப்பா, பிறகு அம்மா, நான், கொக்கிப் பக்கம் மிஸ். சரியாக இருந்தது. கொக்கி விழுந்தபோது அப்பா, மரக்காலையில் நல்ல பலகை வந்து இறங்கினால் சொல்வதுபோல, "ஆ" என்றார். எனக்கு மட்டும் அது புதிய இடமாகத் தெரியவில்லை. வீட்டைக் கொஞ்சம் சின்னதாக்கிய மாதிரி இருந்தது.

ஆனி மாதத்தில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

அத்தான் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுக் கம்பளைக் கடைக்குத் திரும்பிப் போனார். அக்காவைக் கண்டதும் அம்மா அழுது, கட்டிப்பிடித்து, பிறகு அவள் இடுப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தக் கிழமை முழுவதும் யாரும் பின்சுவர்ச் சந்தில் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

மிஸ்தான் ஒரு பின்னேரம் அக்காவைப் பெட்டியில் உட்காரச் சொன்னார். அக்காவுக்குக் கூச்சம்.

"என்னா மிஸ், எனக்கும் கதிர செய்யப் போறீங்களா? பெருசாச் செய்யணும்."

அக்கா உட்கார்ந்தாள். முழங்கால்கள் ஒட்டவில்லை. மிஸ் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார், பிறகு கையை எடுத்துவிட்டார். வயிறு நடுவில் இருந்தது. கால்களை அகட்டினால்தான் அவளால் இருக்க முடிந்தது.

"பிள்ளைத்தாச்சிகளை நாங்கள் அளக்கிறேல்லை" என்றார் மிஸ். "வந்தாலும் திருப்பி அனுப்பிப்போடுவம். அட்டவணையைக் குழப்பும் எண்டு சொல்லித் தந்தவை."

அவர் அக்காவுக்கு எடுத்த எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அப்பா உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பாறையை உடைக்கப் போனார். மலை முழுக்கச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் வந்து என்ன வேலை என்று விசாரித்தார். கோழிக்கூடு கட்டுகிறேன் என்று சொல்லி அப்பா நிறுத்திவிட்டார். பாறையிலிருந்து ஒரு கைப்பிடித் தூள் விழுந்திருந்தது.

நெருக்கி உட்கார்ந்தால் முடியும் என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொன்னார். யாரும் கேட்காதபோதே சொன்னார். நான் கூட்டிப் பார்த்தேன். என் தோள் போதாது. நான் இல்லாவிட்டாலும் அக்காவுக்கு இடம் காணாது. அம்மா இல்லாவிட்டால் மயிரிழை. அப்பா, அல்லது மிஸ் இல்லாவிட்டால் சரி. இந்தக் கூட்டல் என் தலையிலிருந்து போகவில்லை. சோறு தின்னும்போதும் வந்தது. மிஸ் என்னை அளக்க உட்கார வைக்கும்போது அவர் தோளைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

ஒருநாள் காலை மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"ஊர்ல ஒங்கம்மா தேடுவாங்களே மிஸ். ஒரு நட போய்ட்டு வாங்களேன். நெலம சரியான பொறகு வரலாம்."

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"ஓம். திகனயில கொஞ்சப் பேர் மிச்சம். அது முடிய வெளிக்கிடுறன்."

அம்மா நல்லவள். அதைச் சொல்லிவிட்டு அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாள் மிஸ்ஸுக்குப் பிடிக்கும் என்று முருங்கையிலை வறுத்தாள். அவர் தன் சூட்கேசை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக் கட்டிலடியில் வைத்திருந்ததை நான் கண்டேன்.

திகன வேலை முடியவில்லை. ஆடி மாதத்தில் கொழும்பு எரிந்தது. அதற்கடுத்த நாள் கண்டியில் தொடங்கிவிட்டது. அப்பா மரக்காலையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். ரயில் போவதில்லை, பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை இறக்குகிறார்கள் என்றார். ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். டவுன் பக்கம் புகை தடித்து எழும்பி, பள்ளத்தாக்கில் நகராமல் நின்றது. பிறகு பாதையின் வளைவில் ஆட்களின் சத்தம் கேட்டது.

நாங்கள் சந்துக்குள் போனோம். அப்பா, அம்மா, அக்கா, நான், மிஸ். மிஸ் பலகையை இழுத்தார். கொக்கி வளையத்துக்கு எட்டவில்லை. நாலு விரல் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. அக்கா கால்களைச் சேர்க்கப் பார்த்தாள். அவள் முழங்கால் என் தொடையில் அழுத்தியது.

"எல்லாரும் மூச்சை விடுங்கோ" என்றார் மிஸ், பெட்டியில் உட்கார வைத்துச் சொல்லும் அதே குரலில்.

விட்டோம். ஐந்து பேரும் ஒன்றாகச் சுருங்கினோம். பலகை நெருங்கி வந்தது. கொக்கி விழுந்தது. முழு இருட்டு. ஒரு கணம் நானும் "ஆ" என்று நினைத்தேன்.

அப்போது அக்கா மூச்சை இழுத்தாள். அவள் இழுக்காமல் எப்படி இருப்பாள், அவளுக்குள் இன்னொன்று இருந்தது. நெருக்கம் தோள் தோளாக வந்து மிஸ்ஸைத் தள்ள, கொக்கி தெறித்துப் பலகை விலகியது. மறுபடி விட்டோம். மறுபடி தெறித்தது. மூன்றாம் தடவை அக்கா, "என்னால ஏலாதும்மா" என்று முனகினாள்.

கீழே எங்கோ கண்ணாடி உடைந்தது. ஒருவன் சிரித்தான். சத்தம் இப்போது எங்கள் படிகளுக்குக் கிட்ட வந்திருந்தது.

அப்பா பாறைப் பக்கம் இருந்தார். அவர் வெளியே வருவதென்றால் எல்லோரும் எழும்ப வேண்டும். அவர் எழும்ப முயன்றாரா என்று எனக்குத் தெரியாது. அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பலகை இடுக்கால் வந்த வெளிச்சம் மிஸ்ஸின் தோளில் மட்டும் விழுந்திருந்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். உள்ளங்கையை வைத்து என் முழங்கால்களைச் சேர்த்து அழுத்தினார். என் கையை எடுத்துக் கொக்கியின் மேல் வைத்தார். பிறகு குனிந்தபடி வெளியே போய், அந்தப் பக்கமிருந்து பலகையைத் தள்ளினார்.

கொக்கி லேசாக விழுந்தது. இடம் இருந்தது. அக்கா முழு மூச்சு இழுத்தாள்.

ஆளில்லாத வீடுபோல முன்கதவை வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம், பாதைக்குப் போகும் படிகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது.