நான்கடி தள்ளி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எங்கள் ஊர் அறக்கட்டளையின் ஆண்டு மலரில், எனக்குச் சட்டை தைத்துத் தரும் தையல்கார அக்காவைப் பற்றி எழுதினேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். அறக்கட்டளை அனுப்பும் பெண் தினமும் காலையில் வந்து அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவாள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும்.

கட்டுரை சப்பென்று முடிந்தது. ஒரு வரி சேர்த்தேன்: ‘இன்று அவருக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.’ விழாவில் அதை வாசித்தபோது கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘காலை வெயில் தையல் இயந்திரத்தின் மேல்...’ வேண்டாம். வெயிலைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்க இன்று பகல் பதினொரு மணிக்குப் போனேன். அக்கா கட்டிலிலேயே கிடந்தார். நாற்காலி நான்கடி தள்ளி, சுவரோரம்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன? தூக்கி உக்காரவைக்க ஆளில்ல. நாலு நாளா அந்தப் பொண்ண அனுப்பல. எனக்கு யாரோட உதவியும் தேவையில்லன்னு மலர்ல போட்டிருக்காம். கமிட்டியில அதப் படிச்சிட்டு அவள வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க.”



“அத எழுதுனது நான்தான்க்கா.”

“தெரியும். பக்கத்து வீட்டுல வாசிச்சுக் காட்டுனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. வேற யாரோ ஒருத்தியப் பத்தின்னு நெனச்சேன்.”

“நான் தூக்கட்டுமா?”

“ஐயையோ வேணாம். தெரியாத ஆள் தூக்கித்தான் போன தடவ எலும்பு முறிஞ்சுது.”

3

அங்கிருந்தே செயலாளரிடம் போனில் உண்மையைச் சொன்னேன்.

“பொய்யா? சார், நீங்க எழுத்தாளராச்சே! அந்தப் பொண்ணு இப்போ பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போறா. அவருக்கு நான் என்ன சொல்ல? எழுதிக் குடுங்க, நாளைக்குக் கமிட்டியில வைக்கிறேன்.”

கதைக்கு முடிவு ஒன்று: அந்தப் பெண் அக்காவிடம் திரும்பி வருகிறாள். (பெரியவர்? அவரை நான் பார்த்ததில்லை. அதனால் சுலபமாக மறந்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அறக்கட்டளை இன்னொரு ஆளையும் அமர்த்தி, எல்லோரும் மகிழ்ச்சியாக... பாருங்கள், கை மறுபடியும் நீளுகிறது. வெட்கமாக இருக்கிறது.

4

கட்டிலருகே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் அக்கா கையை நீட்டினார்.

“போதும் தம்பி. பேனாவ இங்க குடுங்க.”

படுத்தபடியே எழுதினார்: ‘காலையில் எட்டு மணிக்கு வந்து பாருங்கள்.’

கமிட்டி நாளைதான். நாற்காலி இன்னும் நான்கடி தள்ளியே நிற்கிறது. ‘அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்’ என்று எழுத எனக்கு மூன்று சொற்கள் போதும். எழுதமாட்டேன். நீங்களும் மனதுக்குள் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.