களத்து ஓரத்தில் பெருமாயி

மதுமதிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. சேலம் அம்மாபேட்டையில் அண்ணன் வீட்டு மாடியில், முன்பு தறிக்கான பாவு நூல் அடுக்கி வைத்திருந்த நீளமான அறைதான் அவளுடைய வேலைக்கூடம். வாரத்தில் நான்கு நாள் ஓவியமும் அச்சும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், கல்லூரி, மகளிர் குழு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பு எடுப்பாள். லினோ என்னும் ரப்பர் போன்ற தடித்த விரிப்பில் சிறு உளியால் படம் செதுக்கி, அதன்மேல் மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுக்கும் அச்சுதான் அவளுக்கு மிகவும் பிடித்த வேலை.

அந்த வருடம் மாசி மாதம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் சாலையோரம் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையின் களத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று வரைந்தாள். சிமெண்டுக் களத்தில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஏழு பேர் ஒரே வரிசையில் நெருக்கமாக நின்று, இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு, வெயிலில் காய்வதற்காக ஈர மாவை வாரி வீசிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது பெண் மட்டும் வரிசையை விட்டு ஏழெட்டு அடி தள்ளி, களத்தின் ஓரத்தில் நின்றாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கை நிறைய மாவை அள்ளியவள் வீசாமல் அப்படியே நின்று முகத்தை மேலே தூக்கியிருந்தாள்.

மதுமதி அதை மூன்று வாரம் செதுக்கி இருபது அச்சு எடுத்தாள். ‘ஒதுங்கியவள்’ என்று பெயர் வைத்தாள். கூடவே ஒரு சிறிய அட்டையில், ‘உடன் உழைப்பவர்களுக்கு நடுவிலும் தனித்துப்போன ஒரு பெண்ணின் துயரம்’ என்று எழுதினாள். கோயம்புத்தூரில் ஓவியக்கூடம் நடத்தும் தீனதயாளன் படத்தைப் பார்த்ததும் ஆவணி மாதக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார். கண்காட்சிக்கு முன்பே இரண்டு அச்சுகள் விற்றும் போயின. கூர்ந்து பார்க்கிற கண் உனக்கு இருக்கிறது என்று அவர் சொன்னதை மதுமதி பல நாள் நினைத்துக்கொண்டாள்.

ஆனி மாதம் வெண்ணந்தூரிலிருந்து சித்ரா கூப்பிட்டாள். அவள் ஒரு மகளிர் குழுவின் தலைவி. துணிப்பை தைத்து விற்கிற குழு அது. பைகளின் மேல் தாங்களே படமும் எழுத்தும் அச்சிடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

“ரெண்டு நாள் வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க. இப்ப ஜவ்வரிசி மில்லெல்லாம் நின்னு கெடக்குது. மரவள்ளிக் கெழங்கு சீசன் ஆரம்பிச்சுட்டா பொறவு ஒருத்தரும் வர மாட்டாங்க.”

மதுமதி ஒத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை காலை, உளிகள், உருளைகள், மை டப்பாக்கள், துண்டு லினோக்களோடு வெண்ணந்தூர் சமுதாயக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். வேலை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் தன்னுடைய அச்சுகள் ஆறை எடுத்துப் பின்சுவரில் வரிசையாக மாட்டினாள். கடைசியாக இருந்தது ‘ஒதுங்கியவள்’. பழக்கத்தில் அந்த அட்டையையும் கீழே ஒட்டிவைத்தாள்.

முதலில் உளி பிடிக்கும் முறை. வலது கையில் உளி, இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால். முன்னால் வைத்தால் உளி சறுக்கும்போது கையைக் கிழித்துவிடும். இதை மூன்று தரம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் உளி அடங்கவே இல்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு வயதிருக்கும். திடமான கைகள். ஆனால் உளி லினோவின் மேல் வழுக்கி வழுக்கி ஓடியது. இரண்டாம் முறை சறுக்கியபோது பெருவிரலுக்கு நூலளவு தள்ளிப் போனது. மதுமதி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க பேரென்ன?”

“பெருமாயிங்க.”

“நீங்க இடது கைப் பழக்கமா?”

பெருமாயி உளியைக் கீழே வைத்துவிட்டாள். “சாப்புடறதெல்லாம் சோத்தாங்கைலதானுங்க. ஊட்டுல எல்லாமே சோத்தாங்கைதான்.”

“வேலை செய்யறப்ப?”

“வேலைன்னா பீச்சாங்கைதானுங்க வரும். நீங்க இந்தக் கைன்னு சொன்னீங்களே, அதான்.”

மதுமதிக்குச் சங்கடமாகப் போயிற்று. பதினொரு வருடமாக வகுப்பு எடுக்கிறாள். எந்தக் கை வரும் என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்டியபோது பெருமாயிக்குக் குழப்பம் கூடியது. ஆகவே அவளுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“கண்ணாடியில பார்க்கிற மாதிரி என்னையப் பாருங்க. நான் எந்தப் பக்கம் கையைக் கொண்டு போறனோ நீங்களும் அந்தப் பக்கமே கொண்டு போங்க.”

பெருமாயி உளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் சீரான கோடுகள் விழத் தொடங்கின. ஒரே அழுத்தத்தில், சுருள் சுருளாக லினோ உதிர்ந்தது.

அடுத்து எழுத்து. ஒவ்வொருவரும் தங்கள் பெயரைப் பேனாவால் லினோவில் எழுதிச் செதுக்க வேண்டும் என்றாள். அச்சில் இடது வலமாகும், வலது இடமாகும் என்பதை அவள் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு தடவை எழுத்து இடம் வலமாக வந்து பார்த்தால்தான் மறக்காது. ஆட்களையும் மரங்களையும் அவள் வரைந்தபடியே செதுக்கிவிடுவாள். படத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை என்பது அவள் எண்ணம். எழுத்தை மட்டும்தான் திருப்பிச் செதுக்குவாள்.

தாளைத் தூக்கிப் பார்த்தபோது பதினொரு பெயர்கள் புரண்டு வந்திருந்தன. கூடமே சிரித்தது. சித்ராவின் பெயர் என்னவென்று அவளுக்கே படிக்கத் தெரியவில்லை. பெருமாயியின் தாளில் மட்டும் ‘பெருமாயி’ என்று சரியாக இருந்தது.

மதுமதி அவளுடைய லினோவை எடுத்துப் பார்த்தாள். எழுத்துகள் வலமிருந்து இடமாக, கொம்பும் சுழியும் பிசகாமல் திரும்பி நின்றன.

“யாராச்சும் முன்னயே சொல்லிக் குடுத்தாங்களா அக்கா?”

“இல்லீங்க. பீச்சாங்கையில எழுதுனா எனக்கு இப்படித்தானுங்க வரும்.” பெருமாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாலாப்பு படிக்கறப்ப இதுக்குத்தான் தெனம் முட்டி போட வெச்சாங்க. கை முட்டியில ஸ்கேல்ல அடிப்பாங்க. அப்பறம் எங்கய்யன் போதும்னு பள்ளிக்கூடத்த நிறுத்திப்போட்டாரு.”

அவள் அழவில்லை. மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மை இன்னும் காயவில்லை என்று மதுமதி சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மத்தியானம் தக்காளி சாதம் வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெருமாயி பின்சுவரோரம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய சத்தம் கூடத்தையே திருப்பியது.

“ஏ சித்ரா, இங்க வந்து பாரு! இது நம்ம மில்லுக் களம்!”

நான்கைந்து பேர் எழுந்து ஓடினார்கள். அந்தத் தண்ணித்தொட்டி, அந்த மூன்றாவது தூண், பக்கத்துப் புளியமரம் எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினார்கள். களம் மட்டும் பக்கம் மாறி இருந்தது.

“இந்தச் சட்டை எங்கூட்டுக்காரரு சட்டைங்க” என்றாள் பெருமாயி. “இது நாந்தேன்.”

மதுமதி அருகில் போனாள். கிட்டத்தட்ட ஐந்து மாதமாக அந்த முகத்தை அவள் செதுக்கியும் அச்செடுத்தும் சட்டம் போட்டும் வைத்திருக்கிறாள். காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்தவளை அடையாளம் தெரியவில்லை.

“ஆமாக்கா, உங்களைத்தான் வரைஞ்சிருக்கேன் போல. கேக்காம வரைஞ்சுட்டேன்.”

“அது கெடக்குது. கீழ என்னமோ எழுதியிருக்குது, என்னன்னு படி சித்ரா.”

சித்ரா சத்தமாகப் படித்தாள். “உடன் உழைப்பவர்களுக்கு நடுவிலும் தனித்துப்போன ஒரு பெண்ணின் துயரம்.”

பெருமாயி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எனக்கென்ன துயரமுங்க? நா வரிசையில நின்னா என்ற கையும் பக்கத்துல நிக்கறவ கையும் இடிச்சுக்கும். மாவு கொட்டிரும். அதனால மேஸ்திரி என்னைய எப்பவும் ஓரத்துலதான் நிறுத்துவாரு. அவ்வளவுதான். தனியாவெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க நின்னுட்டே அத்தனை பேரையும் கத்திக் கூப்புட்டுக் கதை பேசிட்டிருப்பேன்.”

“வாயே மூடாதுங்க இவளுக்கு” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

“அப்ப ஏன் மேல பாத்துட்டு நின்னீங்க?” மதுமதியின் குரல் சிறுத்துப் போயிருந்தது.

“மழை வருமான்னு பாத்திருப்பேன். மாவு நனைஞ்சா வேற என்ன, அன்னைக்கு வேலையே போச்சு.”

மதுமதிக்கு முகம் சுட்டது. அந்த அட்டையைப் பிய்த்துக் கைக்குள் வைத்துக் கசக்கினாள். பெருமாயி இதைக் கவனிக்கவில்லை. அவள் படத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், இங்க பாருங்க. இவியெல்லாம் எந்தக் கையில வீசறாங்க?”

மதுமதி பார்த்தாள். ஏழு பெண்களும் இடது கையால் வீசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற பெருமாயியின் வலது கையில் மாவு இருந்தது.

“அத்தனை பேரையும் பீச்சாங்கை ஆக்கிப்போட்டு, என்னைய மட்டும் சோத்தாங்கை ஆக்கிட்டீங்களே!”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேரில் மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். தங்கள் கை எது என்று படத்தில் தேடி, அவர்களும் சிரித்தார்கள்.

“தப்பு என்னோடதுதான்” என்றாள் மதுமதி. “புதுசா வேற செதுக்கறேன் அக்கா. உங்களுக்கு உங்க கையே வர்ற மாதிரி.”

பெருமாயி யோசித்தாள். “வேண்டாமுங்க. இது இப்படியே இருக்கட்டும். இதுல அவியெல்லாம் தப்பு, நா ஒருத்திதான் சரி. பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தத் துயரம் கியரம்னு எழுதாதீங்க. எம்மவன் பாத்தான்னா நா மில்லுல அழுதுட்டிருக்கேன்னு நெனச்சுக்குவான்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மதுமதி பழைய வரைநோட்டைத் தேடி எடுத்தாள். மாசி மாதப் பக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏழு வலது கைகள், ஒரு இடது கை. கூடை எந்த இடுப்பில் என்பதுகூடப் பிசகவில்லை. கண்ணில் பட்டதைக் கை அப்படியே வரைந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தப் பெண்ணே சொல்லியிருப்பாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, மீதியிருந்த பதினெட்டு அச்சுகளையும் மேசையில் பரப்பி, பென்சிலால் எழுதியிருந்த ‘ஒதுங்கியவள்’ என்ற பெயரை ஒவ்வொன்றாக அழித்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பெருமாயியிடமே கேட்டாள். படத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா? உங்கள் பெயரைப் போடலாமா? பெருமாயி இரண்டுக்கும் சரி என்றாள். ‘மழை வருமா’ என்ற பெயர் அங்கேதான் முடிவானது.

தீனதயாளனுக்கு இது பிடிக்கவில்லை.

“பழைய பேர்லதான் அழைப்பிதழே அடிச்சாச்சும்மா. அந்தத் தலைப்பு ஆளை உலுக்குது. மழை வருமான்னா என்ன இருக்கு அதுல?”

“அவங்க மழை வருமான்னுதாங்க பார்த்தாங்க.”

“பார்க்கறவங்களுக்கு அது தெரியணும்னு அவசியமா?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனி நான் எப்படிப் பழைய பேரை எழுதறது?”

அவர் பெருமூச்சு விட்டார். கடைசியில் அழைப்பிதழில் சிறிய தாள் ஒட்டித் திருத்துவதாக ஒத்துக்கொண்டார். முன்பே வாங்கிய இருவருக்கும் மதுமதி நடந்ததைக் கடிதமாக எழுதிப் போட்டாள். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. மற்றவர் ஈரோட்டு டாக்டர் அம்மா. பழைய பெயர்தான் தனக்குப் பிடித்தது, அதையே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

ஆவணியில் கண்காட்சி தொடங்கிய இரண்டாம் நாள், பெருமாயியும் சித்ராவும் பேருந்து பிடித்துக் கோயம்புத்தூர் வந்தார்கள். பெருமாயி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தன் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு, சாமிக்கு வைப்பதுபோல இத்தனை விளக்கு எதற்கு ஒரு படத்துக்கு என்று கேட்டாள். அப்போது ஒரு கல்லூரிப் பெண் மதுமதியிடம் வந்தாள்.

“மேடம், இதுல எல்லாருமே ஏன் இடது கையில வீசறாங்க?”

“அந்தப் படத்துல இருக்கறவங்களே இங்க நிக்கறாங்க. அவங்களையே கேளுங்க” என்றாள் மதுமதி.

பெருமாயி முதலில் கூச்சப்பட்டாள். பிறகு இடுப்பில் இல்லாத கூடையை இடுக்கிக்கொண்டு, எந்தக் கை எப்படி இடிக்கும் என்று வீசிக் காட்டினாள். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். மேஸ்திரியின் குரலிலும் பேசிக் காட்டினாள். தீனதயாளன் மேசையை விட்டு எழுந்து வந்து கடைசிவரை நின்று கேட்டார். திங்கட்கிழமை மில் திறக்கிறது என்பதால் நாலு மணிப் பேருந்துக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

வெண்ணந்தூர்க் குழுவின் பைகளில் இப்போது எழுத்தெல்லாம் பெருமாயி செதுக்குவதுதான். மற்றவர்கள் எழுத்தைத் தாளில் எழுதித் திருப்பி ஒற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் நேரடியாக லினோவிலேயே திருப்பி எழுதிச் செதுக்கிவிடுகிறாள். மதுமதி எந்த ஊருக்கு வகுப்பு எடுக்கப் போனாலும், உளிப்பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்கிறாள். இடது கை வருகிறவர்கள் யார்? முதலில் ஒருவரும் கை தூக்குவதில்லை. அவள் காத்திருக்கிறாள். கொஞ்சம் பொறுத்தால் ஒன்றோ இரண்டோ கை, தோள் உயரம் வரைக்கும் எழும்புகிறது.