கம்பளிக்குள் போன கேமரா

அந்தோணி பிரபுவுக்கு வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை. திண்டிவனத்தில் கேட்டால் "ஏர்போர்ட்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நுழைந்து பயணிகளின் பெட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அந்த வேலை. நான்கு வருடத்தில் லட்சம் பெட்டிகளாவது அவன் கை வழியாகப் போயிருக்கும். உடையும் பொருள் என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டிய பெட்டிகளை எவ்வளவு மெதுவாகப் போடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மற்ற பெட்டிகளைப் போடுகிற அளவுக்கு மெதுவாக.

அதனால்தான் 1997 மே மாதம் லீவில் கிளம்பும்போது அந்தக் கேமரா அவனுக்குப் பெரிய கவலையாகிப்போனது. அது அவன் அக்கா அக்னஸின் கணவர் ஞானராஜ் கேட்டிருந்தது. ஞானராஜ் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய பழைய கேமரா மூன்று படம் எடுத்தால் நாலாவதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மறுபடி வேலை செய்யும். "மாப்ள, பத்தொம்பதாந்தேதி விழுப்புரத்துல பெரிய கல்யாணம் ஒன்னு ஒத்துக்கினு இருக்கேன். அதுக்குள்ள புதுசு வந்தாதான் என் மானம் நிக்கும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

பிரபு கேமராவை வாங்கி, அது வந்த அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டு, பாகங்களைப் பிரித்தான். லென்சை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிப் பால் மாவு டப்பாவுக்குள் புதைத்து, மூடியைப் பழையபடி ஒட்டினான். கேமராவைத் துண்டில் சுற்றி, ஒரு பெரிய கம்பளியின் நடு மடிப்பில் வைத்து, ஜிப் வைத்த உறையில் திணித்தான். அந்தக் கம்பளியை விமானத்திலிருந்தே கீழே போட்டாலும் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது என்று அறை நண்பர்களிடம் சவால் விட்டான்.

பாதுகாப்பில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. எது எதற்குள் இருக்கிறது என்று அவன் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து வேலை பார்த்திருந்தான். வியாழக்கிழமை காலையில் திண்டிவனத்தில் அக்கா வீட்டில் வந்து இறங்கியவன், "கேமரா பத்திரமா இருக்குது மாமா" என்று மட்டும் ஞானராஜிடம் சொல்லிவிட்டுப் பாயில் விழுந்தான். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தான்.

எழுந்து பார்த்தால் பெட்டி துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. ஞானராஜ் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேமராவ ஏர்போர்ட்லயே அடிச்சிட்டானுங்க மாப்ள. பொட்டியக் கவுத்துப் பாத்துட்டேன். உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எழுப்பல."

"அடிக்கல மாமா. கம்பளிக்குள்ள இருக்குது. லென்சு பால் மாவு டப்பாவுக்குள்ள."

அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. அக்னஸ் வெளியே வந்தாள்.

"எந்தக் கம்பளி?"

"ஒரே கம்பளிதானக்கா எடுத்தாந்தேன்."

"டேய், அத நேத்தே கோலியனூர் சித்தி வந்து எடுத்துக்கினு போயிடுச்சிடா! டப்பாவ டீக்கட வெள்ளையம்மா அக்காவுக்குக் குடுத்துட்டேன். சொந்தக்காரங்க வந்து நிக்கறாங்க, நீ கும்பகர்ணன் மாரி தூங்கற. நான் என்னா பண்ணுவேன்?"

"கையில எடுத்தாரக் கூடாதாடா?" என்றார் ஞானராஜ்.

"கையில டூ-இன்-ஒன்னு இருந்துது மாமா."

அந்த டூ-இன்-ஒன் ரேடியோவை நேற்று மாலையே யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். 

அக்னஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "குடுத்ததத் திரும்பத் தேடிக்கினு வர்றோம்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்த ஊர்ல தல காட்ட முடியாது."

வெள்ளையம்மாளின் டீக்கடை ஸ்டுடியோவுக்கு நாலு கடை தள்ளி. பிரபு போனபோது அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணில் எதையோ வைத்து, தட்டில் பரப்பிய ரவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தம் புதிய லென்ஸ்.

"வாப்பா பிரபு! நீ குடுத்த பால் மாவுல டீ போட்டா கூட்டம் அலமோதுது. கம்பனின்னா அதான் கம்பனி. டப்பாவுக்குள்ளயே பூதக்கண்ணாடி வச்சி அனுப்பறான் பாரு. கலப்படம் இருந்தா நீயே பாத்துக்கோன்றான். இன்னா நேர்ம! நம்ம ஊர்ல எவனாவது வைப்பானா?"

பிரபு தலையைச் சொறிந்தான். "அது வந்துக்கா... அந்தக் கண்ணாடியில கொஞ்சம் ஆபத்து இருக்குது."

"இன்னா ஆபத்து?"

"ரொம்ப நேரம் பாத்தா பார்வ எறங்கிடும். கம்பனிக்காரனே திருப்பிக் கேக்கறான்."

வெள்ளையம்மாள் உடனே கண்ணிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனாலும் வெறுமனே கொடுக்க மனம் வரவில்லை. ஞானராஜ் ஸ்டுடியோவில் தபால் தலை பார்க்க வைத்திருந்த நிஜமான பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் லென்ஸ் கைக்கு வந்தது. அதில் ரவை ஒட்டியிருந்தது. வேறு கீறல் இல்லை. பிரபுவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "பாத்தீங்களா மாமா, பேக்கிங்!"

"மீதியக் கொண்டா. அப்பறம் மெச்சிக்கலாம்" என்றார் ஞானராஜ்.

சனிக்கிழமை பிரபு விழுப்புரத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிக் கோலியனூருக்குப் போனான். இருதயமேரி சித்தி அவன் அம்மாவின் தங்கை. வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றுக் கோழி அடிக்கக் கிளம்பினாள். பிரபு தடுத்தான்.

"சித்தி, அந்தக் கம்பளிய ஒருவாட்டி பிரிச்சி வெயில்ல போடணும். பிளேன் வாசன போகணும்ல?"

சித்தியின் முகம் மாறியது. "நான் போட்டுக்கறேன்பா."

"நீ எதுக்கு செரமப்படற? எடுத்தா, நானே போட்டுட்டுப் போறேன்."

"பொட்டியில வச்சிப் பூட்டிட்டேன். சாவி உன் சித்தப்பா எடுத்துக்கினு பாண்டிக்குப் போயிட்டாரு."

அப்போது உள்ளறையிலிருந்து சித்தப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி உள்ளே போய்விட்டார்.

"திங்கக்கெழம விழுப்புரம் கல்யாணத்துக்கு வருவேன்ல, அங்க பேசிக்கலாம்" என்று சித்தி முடித்துவிட்டாள். ஞானராஜ் படம் எடுக்கப்போகிற அதே கல்யாணம்தான். பெண் இருதயசெல்வி, சித்தப்பா வழியில் சித்திக்கு உறவு. சித்தி விடாமல் அடித்து வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கம்பளியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பிரபு திரும்பினான்.

திங்கட்கிழமை காலை மாதா கோவிலில் பூசையோடு கல்யாணம். ஞானராஜ் பழைய கேமராவோடு பீடத்தருகே நின்றார். மூன்று படம், ஒரு தட்டு. மூன்று படம், ஒரு தட்டு. சாமியார் பிரசங்கத்தில் நிறுத்தும் இடங்களில் எல்லாம் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டது. எப்படியோ மோதிரமும் தாலியும் பதிவாகிவிட்டன. பிறகு மண்டபத்துக்கு வந்து மேடையில் முதல் குடும்பத்தை நிற்க வைத்தபோது கேமரா முழுதாக நின்றுபோனது. எத்தனை தட்டியும் அசையவில்லை. ஞானராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, படம் எடுக்கிற மாதிரியே பாவனை செய்ய ஆரம்பித்தார். "சிரிங்க... ஆங், அருமை... அடுத்தவங்க வாங்க." பளிச்சென்று ஃப்ளாஷ் மட்டும் அடித்தது. இருபது குடும்பங்கள் அந்த வெளிச்சத்துக்குச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயின.

அந்த நேரத்தில் இருதயமேரி சித்தி மண்டபத்துக்குள் வந்தாள். இரண்டு கையாலும் அணைத்தபடி, ரோஜாப்பூ போட்ட காகிதம் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம்.

வாசலில் காத்திருந்த பிரபு அதைப் பார்த்துவிட்டான். ஓடிப்போய், "குடு சித்தி, நான் தூக்கியாறேன்" என்று வாங்கினான். கையில் ஏந்தியவுடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பளி நாலரைக் கிலோ. இது அஞ்சரைக்குக் குறையாது. சித்தி சட்டென்று பிடுங்கிக்கொண்டு மேடையேறி, மாப்பிள்ளை ஜெஸ்வின் கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தாள். ஞானராஜ் அதற்கும் ஒரு ஃப்ளாஷ் அடித்தார். தன் கேமராவின் மேல்தான் ஃப்ளாஷ் அடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பிரபு அவர் காதில் விஷயத்தைச் சொன்னான். அவர் மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போச்சி மாப்ள. ஒரே பேஜாரா போச்சி. ஜல்தியா எதாவது பண்ணு."

பிரபு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். பரிசுப் பொருள்களை மேடையிலிருந்து பக்கத்து அறைக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் பெண் வீட்டார் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். "நான் பாத்துக்கறேங்க" என்று ஒரே நேரத்தில் எட்டுப் பொட்டலங்களைத் தூக்கினான். மண்டபமே வியந்து பார்த்தது. அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு ரோஜாப்பூக் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பினான். காகிதம் கிழியாமல் கேமராவை எடுத்து, பழையபடி ஒட்டிவிடலாம் என்பது திட்டம். அரைச் சாண் கிளப்பியிருப்பான், கதவு திறந்தது.

பெண்ணின் அப்பா இருதயராஜ் நின்றார்.

"யாருய்யா நீ? என்னா பண்ற?"

"நான் ஏர்போர்ட்ல வேல செய்றேங்க."

"ஏர்போர்ட்ல இப்பிடித்தான் அடுத்தவங்க பொருளப் பிரிச்சிக்கினு இருப்பீங்களா?"

அவர் போட்ட சத்தத்தில் பந்தியிலிருந்து பாதிப் பேர் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். அக்னஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள். இனி மறைக்க வழியில்லை. பிரபு தலையைக் குனிந்துகொண்டு, கம்பளி, கேமரா, தூக்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

எல்லோரும் இருதயமேரி சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய்!" என்றாள் சித்தி. "இது நான் விழுப்புரத்துல கடையில வாங்குனது. அவன் குடுத்த கம்பளி எம் பொட்டியில இருக்குது."

"அப்ப பிரிச்சிப் பாத்துடலாமே" என்றார் மாப்பிள்ளையின் மாமா ஒருவர்.

இருதயராஜே காகிதத்தைப் பிரித்து, ஜிப்பைத் திறந்து, கம்பளியை உதறினார். துண்டில் சுற்றிய கேமரா மெத்தென்று அவர் கைக்கு வந்தது. 

சித்தி மட்டும் தளரவில்லை. "கடைக்காரன் ஃப்ரீயா வச்சிருப்பான்."

"அப்பிடின்னா கேமரா பொண்ணு மாப்பிள்ளைக்குத்தான சேரும்?" என்றார் அந்த மாமா, ஆவலோடு.

ஞானராஜின் கண்களில் தண்ணீர் திரண்டுவிட்டது. பையில் லென்சைப் பிடித்திருந்த கையை அவர் வெளியே எடுக்கவில்லை. எடுத்துக் கேமராவில் பொருத்திக் காட்டினால் போதும். ஆனால் சித்தி பொய்க்காரி ஆகிவிடுவாள். பிரபுவும் வாய் திறக்கவில்லை. சித்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டான். அவனை எல்லோரும் திருடனைப் பார்ப்பதுபோலத்தான் இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைத்தான் சித்தியால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினாள். "ஆமா, எங்கக்கா மவன் குடுத்ததுதான். அவன் திருடன் இல்ல. கோலியனூர்ல மே மாச வெயிலு மண்டயப் பொளக்குது. அந்தக் கம்பளியப் போத்திக்கினு நான் எங்க போவேன்? தொட்டாலே வேக்குது. அதான் சுத்திக் குடுத்துட்டேன். இப்ப என்னான்ற?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ஜெஸ்வின்தான். பிறகு மண்டபமே சிரித்தது. சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெஸ்வின் மாலையோடு அவள் பக்கத்தில் வந்து கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சித்தி, எனக்குக் குன்னூர்ல வேல. நாளான்னிக்கு நாங்க அங்கதான் போறோம். இங்க இதுவரைக்கும் பதினோரு சுவர்க் கடிகாரம் வந்திருக்குது. உருப்படியா வந்தது இது ஒன்னுதான்."

சித்தி முந்தானையை விலக்கினாள். "அத மனசுல வச்சித்தாம்பா நானும் குடுத்தேன்" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

இருதயராஜ் கேமராவை ஞானராஜிடம் நீட்டிவிட்டு, பிரபுவின் தோளைத் தட்டி, "சாப்புட்டியாப்பா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கிற முறை அவருக்கு அதுதான். ஞானராஜ் லென்சைப் பொருத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. கண்ணாடியின் ஓரத்தில் இன்னும் ஒரு பொட்டு ரவை இருந்தது. ஊதித் தள்ளினார்.

"யாரு கேமராவா இருந்தா என்னா, மொதல்ல போட்டோ எடுங்க. எம் மேக்கப்பு கலையுது" என்றாள் இருதயசெல்வி.

ஞானராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுத்துடலாம்மா. ஆனா ஒன்னு... காலையில இருந்து மேடைக்கு வந்தாங்க இல்ல, அந்த இருவது குடும்பம், அவங்க எல்லாரையும் திரும்பக் கூப்புடணும்."

பிரபு பந்திக்கு ஓடினான். கை கழுவிக்கொண்டிருந்தவர்கள், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒவ்வொருவராக மேடைக்கு அனுப்பினான். இரண்டு குடும்பத்தை பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பிடித்து வந்தான். ஏன் மறுபடி என்று கேட்டவர்களிடம், "மொத தடவ நீங்க சரியா சிரிக்கலையாம்" என்றான்.