இரண்டாவது சுற்று

மகளைக் காணக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு தகப்பன் நிற்கக்கூடிய இடம் அந்த அரங்கில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தண்டனைச் சுற்றின் வேலியோரம். தில்லைநாதன் காலையிலேயே வந்து அங்கே இடம்பிடித்துவிட்டார்.

பனியில் சறுக்கிக்கொண்டே போய், இடையில் நின்று இலக்குகளைச் சுட்டு, மறுபடி சறுக்கிப் போகும் போட்டி அது. அஞ்சலோட்டமாக நான்கு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஓடவேண்டும். ஒவ்வொருத்தியும் ஒருமுறை படுத்தும் ஒருமுறை நின்றும் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுடவேண்டும். பட்டால் வட்டம் வெள்ளையாகும். கூடுதலாக மூன்று குண்டுகள் கையில் இருக்கும். அவையும் தீர்ந்தபிறகு எத்தனை வட்டம் கறுப்பாகவே நிற்கிறதோ அத்தனை தடவை தண்டனைச் சுற்றான இந்தச் சின்ன வளையத்தைச் சுற்றிவிட்டுத்தான் பாதைக்குத் திரும்பலாம். இதையெல்லாம் மகள் யாதவி சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் போத்தலையும் கரண்டிகளையும் வைத்து விளங்கப்படுத்தியிருந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாரே தவிர, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தில்லைநாதன். மகள் பள்ளிக்கூடத்து ஸ்கிலாகர் முகாமில் பனிச்சறுக்கைப் பிடித்துக்கொண்டதும், விளையாட்டுப் பள்ளிக்கென்று மலைக்குப் போனதும் அவருக்குப் பெருமைதான். சுடுவதற்கான துவக்கு வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய தமையன் ஊரில் சண்டை நடந்தபோது பதினேழு வயதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. அதை அவர் பிள்ளைகளுக்கு ஒருபோதும் விரிவாகச் சொன்னதில்லை. யாதவியும் கேட்கவில்லை. துவக்கு பயிற்றுநரின் பொறுப்பில் இருந்தது. போட்டிகளுக்கு மனைவி செல்வராணி மட்டும் போய்வந்தாள். இளையோருக்கான இந்தச் சர்வதேச சாம்பியன்ஷிப் கிராவ்புண்டன் மலைக்குள் நடக்கிறது, வீட்டிலிருந்து ரயிலில் வந்துவிடலாம். செல்வராணிக்கோ முதியோர் இல்லத்தில் வேலை, மாற்றிக்கொடுக்க ஆளில்லை. ஆராவது ஒருவர் போகத்தான் வேண்டும் என்று அவள் சொன்ன விதத்தில் அவரால் மறுக்க முடியவில்லை.

சுடும் சத்தம் அவர் பயந்ததைப்போல இல்லை. பலகையில் ஆணி அடிப்பதுபோல, வரட்டுச் சத்தமாக, சின்னதாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தோள் ஒருமுறை இறுகி இளகியது.

சுவிஸ் அணிக்கு யாதவி மூன்றாவதாக ஓடினாள். படுத்துச் சுட்டதில் எல்லாம் வெள்ளை. நின்று சுட வந்தபோது காற்று கிளம்பியிருந்தது. பெரிய திரையில் அவளுடைய முகம் வந்தது, கன்னம் துவக்கில் அழுந்த, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அந்த முகத்தை அவர் அதுவரை கண்டதில்லை. குண்டுகள் தீர்ந்தபோது இரண்டு வட்டங்கள் கறுப்பாகவே நின்றன.

அவள் வளையத்துக்குள் வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அவரைக் கடந்தபோது மூச்சு இரைவது கேட்டது. போலந்துக்காரி ஒருத்தி அவளுக்கு முன்னால் ஓடினாள். இருவரும் ஒரு சுற்று முடித்தார்கள். போலந்துக்காரி பாதைக்குத் திரும்பினாள். யாதவியும் அவளுக்குப் பின்னாலேயே திரும்பிப் போய்விட்டாள்.

தில்லைநாதன் வளையத்தைப் பார்த்தபடி நின்றார். தான்தான் ஒன்றைத் தவறவிட்டிருக்கவேண்டும் என்று நினைத்தார். அதற்குள் நான்காவது ஆளான செலினா ஓடத் தொடங்கியிருந்தாள். ஒரு பிழையும் விடாமல் சுட்டாள். கடைசி ஏற்றத்தில் ஸ்லோவேனியப் பெண்ணை முந்தினாள். மாட்டு மணிகளைக் குலுக்கிக்கொண்டு சனம் எழும்பிக் கத்தியது. திரையில் மூன்றாவது வரியில் சுவிஸ் கொடி வந்தபோது அவரும் கத்தினார். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத கிழவர் அவரைக் கட்டிப்பிடித்தார்.

செல்வராணியிடமிருந்து போன் வந்தது. வேலையிடத்தில் ரிவியில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தார்களாம். பிள்ளைக்கு வெண்கலமாம் என்று தொண்ணூறு வயதுக்காரர் எல்லாம் கைதட்டினார்களாம். அவள் அழுதுகொண்டே கதைத்தாள். அவர் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். கதைத்துக்கொண்டே இருந்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தான் ஒன்றையும் தவறவிடவில்லை. போலந்துக்காரியின் முதுகு ஒருதடவை. அதற்குப் பின்னால் மகளின் முதுகு ஒருதடவை. அவ்வளவுதான்.

வேறு ஒருவரும் அதைக் கண்டதாகத் தெரியவில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் நான்கு பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். கண்டதைத் தன்னோடு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். துவக்கு பிடிக்காத மனம்தான் பிள்ளையில் குற்றம் தேடியதோ என்றும் ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இனிமேல் அந்தப் பதக்கம் வீட்டில் எந்தச் சுவரில் தொங்கினாலும், அதைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலியோரமாகவே நடந்து வீரர்கள் வெளியே வரும் இடத்துக்குப் போனார். யாதவி அவரைக் கண்டதும் ஓடிவந்து வேலிக்கு மேலால் கட்டிக்கொண்டாள். வியர்வையும் பனியுமாக அவள் முகம் நனைந்திருந்தது.

"அப்பா, நீங்கள் வந்ததாலைதான்" என்றாள்.

அவர் அவளுடைய தோளில் கையை வைத்தபடி, மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு ரெண்டெல்லோ விழாமல் நிண்டது. நீ ரெண்டு சுத்தும் ஓடினனியோ பிள்ளை?"

"ஓம், ஓடினனான்" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவளுடைய கண்கள் அவரை விட்டு எங்கோ போயின. "முன்னுக்குப் போனவள் வெளியிலை போனவள். நானும்..." பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் அதிலைதான் நிண்டனான்."

அவள் திரும்பித் தன் கூட்டாளிகளைப் பார்த்தாள். செலினா கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு படமெடுத்துக்கொண்டிருந்தாள். இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

யாதவி பயிற்றுநரிடம் நடந்தாள். நடக்கும்போதே கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டு, மறுபடி கழற்றினாள். பயிற்றுநர் குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்து நடுவர்களின் கொட்டகைப் பக்கம் பார்த்தார். இருவரும் அங்கே போனார்கள்.

சிறிது நேரத்தில் திரையில் வரிகள் இடம் மாறின. ஓடாத சுற்றுக்கு இரண்டு நிமிடம் கூட்டப்பட்டது; சுவிஸ் ஆறாவது இடத்துக்கு இறங்கியது. மணிகள் ஒவ்வொன்றாக நின்றன. தில்லைநாதனைக் கட்டிப்பிடித்த கிழவர் கடந்து போகும்போது அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

செலினா பனியில் குந்தியிருந்தாள். யாதவி போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். செலினா திரும்பிப் பார்க்கவில்லை, விலகியும் போகவில்லை. பிறகு யாதவி எழும்பி வேலிக்கு வந்தாள்.

"வளையத்திலை நிண்ட நடுவர் ஆக்களும் எழுதி வைச்சிருந்தவையாம்" என்றாள். "நான் சொல்லாட்டியும் பிடிச்சிருப்பினமாம்."

அப்படியென்றால் தான் வாய் திறந்திருக்கவே தேவையில்லை. அது நெஞ்சை இலேசாக்கியதா, இன்னும் பாரமாக்கியதா என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"என்னோடை கோவமோ?"

"கோவம்தான்" என்றாள். "ஆரோடை எண்டு தெரியேல்லை."

அவர் கழுத்துத் துண்டைக் கழற்றி அவளுடைய கழுத்தில் சுற்றினார். அவள் தடுக்கவில்லை.

மூன்றாவது இடத்துக்கு ஒலிபெருக்கி ஸ்லோவேனியாவின் பெயரைச் சொன்னது. மேடைக்குப் பக்கத்தில் அவர்களைக் காணவில்லை. இரண்டாம்முறையும் கூப்பிட்டபிறகு, வாகனங்கள் நிறுத்துமிடத்துப் பக்கமிருந்து நான்கு பெண்கள் ஓடிவந்தார்கள். சாமான்களைக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்போல. ஒருத்தி சாதாரண ஜீன்ஸில் இருந்தாள், இன்னொருத்தியின் சப்பாத்து நாடா அவிழ்ந்து பனியில் இழுபட்டது. கடைசியாக வந்தவளின் வாயில் பாதி கடித்த பாண் துண்டு இன்னும் இருந்தது. சறுக்கி விழப்போய், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சிரித்தபடி மேடையில் ஏறினார்கள். யாதவி வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பாமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைதட்டத் தொடங்கினாள். தடித்த கையுறைகள் ஒன்றில் ஒன்று பட்டபோது சத்தமே வரவில்லை. விரலிடுக்கில் ஒட்டியிருந்த பனித்தூள் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.